பொறியியற் கல்வியும் மதிப்பீடும்

தேர்வு என்றதும் நம் நினைவுக்கு வருபவன் மாணவனே. அவன் எழுதுகிறான், நாம் திருத்துகிறோம், தவறினால் பழி அவனைச் சாரும். அதே விடைத்தாள் கற்பித்தவரைப் பற்றியும் கூறுகிறது என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே. அவ்வாறு எண்ணத் தொடங்கியதால் ஒரு கல்வித்துறையே மாறியதைப் பல்கலைக்கழகப் பொறியியற் கல்வியின் வரலாறு காட்டுகிறது.

அமெரிக்காவில் 1932ஆம் ஆண்டு பொறியாளர் சங்கங்கள் ஒன்றுகூடித் தொழில் வளர்ச்சி மன்றம் ஒன்றை நிறுவின. 1936இல் அம்மன்றம் பொறியியற் பட்டப்படிப்புகளை ஆராய்ந்து தகுதி வழங்கத் தொடங்கிற்று. 1980இல் 'ஏபெட்' எனப் பெயர் மாறியதும் இம்மன்றமே. நெடுங்காலம் அது நோக்கியவை எவை? கணிதத்திற்கு எத்தனை பாடவேளை, ஆய்வுக்கூடத்தில் என்னென்ன கருவிகள், ஆசிரியர்களின் தகுதி யாது என்பனவே. அடுக்களையில் உள்ள பண்டங்களை எண்ணிவிட்டு, உணவைச் சுவைத்துப் பாராமல் எழுந்து வந்ததற்கு ஒப்பாகும் இது.

பட்டதாரிகள் கணக்கீட்டில் வல்லவராயினும், குழுவாகப் பணியாற்றவும் கருத்தைத் தெளிவுற எடுத்துரைக்கவும் தடுமாறுகின்றனர் என்று தொழில் நிறுவனங்கள் குறைகூறின. அதன் பயனாக 1990களில் எழுந்ததே 'பொறியியல் அளவுகோல் 2000'. 2001 முதல் அது கட்டாயமாயிற்று. பட்டதாரி அடைந்திருக்க வேண்டிய 11 திறன்களை அது வரையறுத்தது. அவற்றை அளந்தால் மட்டும் போதாது. அளந்து கண்டதைக் கொண்டு பாடத்தையும் திருத்த வேண்டும் என்றது.

இறுதியாண்டு மாணவர்கள் ஒரு பாலத்தை வடிவமைப்பதாகக் கொள்வோம். கணக்குகள் பிழையற்றவை, அறிக்கையோ குழப்பமானது. முன்பெனில் மதிப்பெண் குறைவதோடு செய்தி முடிந்துவிடும். இப்பொழுதோ பலருக்கும் அக்குறை இருப்பின், அறிக்கை எழுதும் பயிற்சி இரண்டாம் ஆண்டிலேயே சேர்க்கப்படும். அடுத்த அணியினரிடம் மீண்டும் அளந்து பார்க்கப்படும்.

இதனால் பயன் விளைந்ததா? பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 40 கல்வி நிலையங்களில் நடத்திய ஆய்வு 2006இல் வெளிவந்தது. தம் திறன்களைத் தாமே மதிப்பிட்டுக் கூறிய பட்டதாரிகளுள், 1994ஆம் ஆண்டினரைவிட 2004ஆம் ஆண்டினர் குழுப்பணி முதலியவற்றில் மேம்பட்டிருந்தனர். தொழில்நுட்ப அறிவும் குன்றவில்லை. எனினும் படிவங்களும் கோப்புகளும் பெருகி, பணி வெறுஞ் சடங்காகிவிடும் இடருண்டு என்பதையும் மறைத்தலாகாது.

1989இல் ஆறு நாடுகள் தம் பொறியியற் பட்டப்படிப்புகளின் தகுதியை ஒன்றுக்கொன்று ஏற்க வாஷிங்டன் உடன்படிக்கை செய்தன. அதில் 2006இல் சிங்கப்பூரும் 2009இல் மலேசியாவும் முழு உறுப்பினராயின. நம் பிள்ளைகள் பயிலும் பொறியியல் வகுப்புகளிலும் இம்முறை வேரூன்றியது.

ஆண்டுகள் பலவாகப் பின்னக் கணக்கில் வகுப்பில் பாதிப்பேர் தவறியபோதெல்லாம், கவனமில்லாப் பிள்ளைகள் என்று கடிந்தவன் நான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான் அது. பாதி வகுப்பு தவறினால், தவறியது என் பாடமே என உணரக் காலம் பிடித்தது.

மலேசியாவில் 2021இல் யுபிஎஸ்ஆர் தேர்வு நீக்கப்பட்டபின், தொடக்கப்பள்ளி மாணவரை மதிப்பிடும் பொறுப்பு வகுப்பாசிரியர் கைக்கு வந்தது. ஆசிரியப் பெருமக்களே, அடுத்த விடைத்தாள் கட்டைப் பிரிக்கையில், மாணவனுக்கு எத்தனை மதிப்பெண் என்பதோடு, நாளை நான் எதை மாற்றிக் கற்பிப்பேன் என்றும் கேட்டுக்கொள்வோமாக.