தட்டுக்குள் உறங்கும் குரல்கள்

பழைய வீடுகளின் அலமாரிகளில் இசைத்தட்டுகள் இன்றும் அடுக்கப்பட்டிருப்பதைக் காணலாம். தந்தை வாங்கியவை அவை. தாய் விரும்பிக் கேட்டவை. பிள்ளைகளோ அவற்றைக் கணினியில் ஏற்றிக்கொள்ள விழைகின்றனர். தட்டை ஓடவிட்டுப் பதிவு செய்தால் வேலை முடிந்தது என்பது பலரின் எண்ணம். ஒரு குரலை ஓர் உடலிலிருந்து மற்றோர் உடலுக்கு மாற்றுவது அத்துணை எளிய செயலா? ஒலிப்பதிவின் வரலாறு வேறு விடை தருகிறது.

பிரான்சு நாட்டவரான ஸ்காட் தெ மார்ட்டின்வில், ஒலியின் அதிர்வைக் கோடாக வரையும் கருவிக்கு 1857-இல் காப்புரிமை பெற்றார். புகைக்கரி படிந்த தாளில் ஒலி கோடாக விழுந்தது. அக்கோட்டை மீண்டும் ஒலிக்கச் செய்வது அவரது நோக்கமன்று. 1860 ஏப்ரலில் அவர் பதிந்த ஒரு நாட்டுப்பாடல் கோடாகவே உறங்கிக் கிடந்தது. 2008-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அத்தாளைப் படமாக்கி, கணினியின் துணையால் ஒலியாக மாற்றினர். கேட்டவர்கள் அதை ஒரு பெண்ணின் அல்லது சிறுமியின் குரல் என்று கருதினர். மறு ஆண்டில், வேகம் இருமடங்காகக் கணிக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. வேகத்தைக் குறைத்துக் கேட்டபோது ஒலித்தது ஓர் ஆணின் குரல். பெரும்பாலும் அது ஸ்காட்டின் குரலே. வேகத்தில் நேர்ந்த ஒரு பிழை, பாடியவரையே வேறொருவராக்கிவிட்டது!

1877-இல் எடிசன் உலோகத் தாளில் குரலைப் பதித்து மீண்டும் ஒலிக்கச் செய்தார். 1887-இல் எமில் பெர்லினர் தட்டையான வட்டில் ஒலியைப் பதிக்கும் முறைக்கு வழிவகுத்தார். அம்முறையைக் கையாண்ட பிரெட் கெய்ஸ்பெர்க் 1902-இல் கல்கத்தாவுக்கு வந்து, நவம்பர் மாதத்தில் பாடகர் பலரைப் பதிவு செய்தார். அவர்களுள் ஒருவரே கௌஹர் ஜான். பாட்டு முடிந்ததும் அவர் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்வது அப்பதிவுகளில் கேட்கிறது. மெழுகில் பதிந்த அக்குரல் கடல் கடந்து ஜெர்மனியின் ஹனோவர் நகருக்குச் சென்று தட்டாக வேண்டும். மொழியறியாத தொழிலாளர் அது எவர் பாட்டு என்று அறிய வேண்டும். அதற்கே இந்த அறிவிப்பு என்பர். பாட்டுக்குப் புறம்பானது என்று அந்த ஈற்றொலியை இன்று ஒருவர் வெட்டியெறிவாராயின், அவர் வெட்டுவது வெறும் இரைச்சலையா? ஒரு பெண் வரலாற்றின் முன் தம் பெயரைச் சொன்ன கணத்தை அல்லவா?

அந்நாளைய தட்டுகள் அரக்குக் கலவையால் ஆனவை, கைதவறினால் உடைந்துவிடும். ஒரு பக்கத்தில் மூன்று நான்கு நிமிடங்களே ஒலிக்கும். 1948-இல் கொலம்பியா நிறுவனம் வினைல் என்னும் நெகிழியாலான நீண்டநேரத் தட்டை வெளியிட்டது. மூன்று நிமிடங்களில் நூறு முறை சுழலும் அத்தட்டின் ஒரு பக்கம் இருபது நிமிடங்களுக்கு மேல் ஒலித்தது. 1982-இல் குறுந்தட்டு விற்பனைக்கு வந்தபோது குரல் எண்ணாக மாறியது. ஒரு நொடியின் ஒலியை 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் எண்ணாக எழுதிவைப்பதே அம்முறை. வீட்டுக் கணினி செய்வதும் இதுவே.

கருவி செய்யும் வேலை இவ்வளவே. எஞ்சியது மனிதனின் கவனம். வினைல் தட்டுக்குரிய நுண்ணிய ஊசி, அரக்குத் தட்டின் அகன்ற பள்ளத்துக்குப் பொருந்தாது. ஆல்கஹால் கலந்த நீர்மம் அரக்கைக் கரைத்துவிடும். அரக்குத் தட்டை அதனால் துடைக்கலாகாது. ‘78’ என்று நாம் அழைக்கும் பழந்தட்டுகள் யாவும் அதே வேகத்தில் பதியப்பட்டவையும் அல்ல. ஆகவே பாட்டின் சுருதியைச் செவியால் ஆராய்ந்தே வேகத்தை உறுதி செய்தல் வேண்டும். நாற்பது நிமிடத் தட்டை மாற்ற நாற்பது நிமிடம் உடனிருந்து கேட்டே ஆக வேண்டும். இதற்குக் குறுக்குவழி இல்லை. இரைச்சலை நீக்கிய படியோடு, நீக்காத முதற்படியையும் காத்துவைத்தல் நன்று. தட்டின் நடுவிலுள்ள வில்லையில் கண்ட பெயரையும் எண்ணையும் எழுதிவையாவிடில், கணினியில் எஞ்சுவது பெயரற்ற குரலே.

எண்ணாக மாறிய குரல் அழியாது என்று எண்ணிவிடவும் வேண்டா. கணினியின் வட்டு ஒரே நாளில் பழுதாகலாம். ஆகவே படிகள் இரண்டு, வெவ்வேறு இடங்களில் இருக்கட்டும். படியெடுத்தாயிற்று என்று தட்டைக் குப்பையில் போட்டுவிடலாகாது. நம்மைவிடக் கூர்மையான கருவியோடு நாளை ஒருவர் வரக்கூடும். ஸ்காட்டின் கரித்தாளை எவரோ எறியாது வைத்திருந்ததால்தான் நாம் இன்று அவர் குரலைக் கேட்கிறோம்.

பாடியவர் தம் பெயரைச் சொல்லிவிட்டுச் சென்றுவிட்டார். அதைப் பிழையின்றி அடுத்தவரிடம் சேர்ப்பது, தட்டை இன்று கையில் வைத்திருப்பவரின் கடமை.