பே வீதியில் ஒரு படமாளிகை இருந்தது

கனடாவுக்கு வந்து சேர்ந்த புதிதில் ஊருக்கு அனுப்பவென்று எம்மவர் எடுத்துக்கொண்ட புகைப்படங்களில் ரொறன்ரோ நகர மண்டபம் அடிக்கடி தென்படும். ஒன்றையொன்று அணைக்க முற்படுவன போல வளைந்து நிற்கும் இரு கோபுரங்கள்; அவற்றின் முன்னே அகன்ற சதுக்கம்; மாரியில் சறுக்குக் களமாக மாறும் தடாகம்; எல்லாவற்றுக்கும் முன்னால், தடித்த குளிரங்கிக்குள் பாதி மறைந்த ஒரு முகம். அந்தச் சதுக்கத்தின் கிழக்கோரத்தில், பே வீதியைப் பார்த்தபடி, 1914 முதல் 1956 வரை ஒரு படமாளிகை இயங்கிவந்தது. ஷேஸ் ஹிப்போட்றோம் என்பது அதன் பெயர். திறக்கப்பட்ட காலத்தில் கனடாவிலேயே மிகப் பெரியதெனப் பேசப்பட்ட அம்மாளிகையை 1957 இல் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். அதன் கதையைத் தேடப் புகுந்தபோது, மாளிகையைப் போலவே அது நின்ற மண்ணைப் பற்றியும் நாம் அறிய நேர்ந்தது.

அந்த மண் அகதிகளின் மண். வடக்கே கொலிஜ் வீதி, தெற்கே குயின் வீதி, கிழக்கே யங் வீதி, மேற்கே யூனிவேர்சிற்றி அவெனியூ ஆகிய நான்கினுக்கும் இடைப்பட்ட பகுதியைப் பழைய ரொறன்ரோ மக்கள் ‘வார்ட்’ என்றே சுருக்கமாக அழைத்தனர். அமெரிக்காவின் அடிமைத்தளையிலிருந்து தப்பி எல்லை கடந்த கறுப்பின மக்கள் பலர் இங்கே குடியேறினர். கென்ரக்கியிலிருந்து ஓடிவந்த தோர்ன்ரன் பிளக்பேர்ண், லூசி பிளக்பேர்ண் தம்பதியரின் வரலாறு எமது வாசகர்கள் அறிந்திருக்க வேண்டியதொன்று. அவர்களைத் திருப்பி அனுப்புமாறு 1833 இல் மிச்சிகன் ஆட்சியாளர் கோரியபோது, அன்றைய மேல் கனடாவின் ஆட்சி மறுத்துவிட்டது. தஞ்சம் கேட்டு வந்தவரை அடிமைத்தனத்துக்குத் திருப்பி அனுப்புவதில்லை என்ற வழக்கத்துக்கு அம்மறுப்பு முன்மாதிரியாயிற்று. பிளக்பேர்ண் பின்னர் இந்நகரின் முதல் வாடகைக் குதிரைவண்டிச் சேவையை நடத்தினார். வார்டில் வீடுகள் வாங்கி, தமக்குப் பின்னால் தப்பிவந்தவர்களுக்குக் குறைந்த வாடகைக்குக் கொடுத்தார்.

அவர்களை அடுத்து, பஞ்சத்துக்குத் தப்பிய ஐரிஷ் மக்கள் வந்தனர். 1847 ஆம் ஆண்டில் மட்டும் 38,000 பேருக்கு மேல் இத்துறைமுகத்தில் வந்திறங்கினர். அப்போது நகரின் மொத்தச் சனத்தொகையே ஏறக்குறைய 20,000 தான். நூற்றாண்டின் இறுதியில் ரஷ்யப் பேரரசின் யூதர்கள், பிறகு இத்தாலியர், பிறகு சீனர். 1911 இல் நகரச் சுகாதார அதிகாரி வைத்தியர் சார்ள்ஸ் ஹேஸ்ரிங்ஸ் இப்பகுதியின் நெருக்கடியையும் மலசலகூடச் சீர்கேட்டையும் விவரித்து ஓர் அறிக்கை வெளியிட்டார். நகரசபையின் புகைப்படக்காரரான ஆதர் கொஸ் எடுத்த படங்கள் இன்றும் இருக்கின்றன. சேற்று முற்றத்தில் வெறுங்கால்களோடு பிள்ளைகள் நிற்க, பின்னால் நகர மண்டபத்தின் கடிகாரக் கோபுரம் உயர்ந்து தெரியும். அக்கோபுரத்துக்கு நேரெதிரே, வார்டின் தெற்கு விளிம்பில்தான் ஹிப்போட்றோம் எழுந்தது.

அதனைக் கட்டியவர்கள் ஏரிக்கு அக்கரையில், பஃபலோ நகரில் அரங்கத் தொழில் நடத்திவந்த ஷே சகோதரர்கள். 1914 ஏப்ரலில், அக்காலத்தில் ரெறோலி எனப்பட்ட வீதியில் அது திறக்கப்பட்டது. அவ்வீதி பின்னர் பே வீதியோடு இணைந்தது. ஏறக்குறைய மூவாயிரம் பேர் ஒருங்கே அமரத்தக்க மண்டபம், பக்கச் சுவர்களில் தனி இருக்கை மாடங்கள், மேலே பெரும் பல்கனி. அக்காலத்தில் படம் மட்டும் காட்டுவது வழக்கமன்று. ‘வோடவில்’ எனப்பட்ட பல்சுவை மேடை நிகழ்ச்சிகளே பிரதானம். பாட்டு, கோமாளிக் கூத்து, கழைக்கூத்து, பழக்கிய விலங்குகள் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். இடையிலே மௌனப்படம்.

இங்கே சிறிது தரித்து நிற்க விரும்புகின்றோம். மொழி தெரியாத நாட்டில் வந்திறங்கியவனுக்கு மௌனப்படம் எத்துணை பெரிய கொடை! ஆங்கிலம் தெரியாத தையற்காரனும், ஆங்கிலமே தாய்மொழியான வங்கிக்காரனும் அத்திரையின் முன் ஏறக்குறையச் சமமானவர்கள். இடையிடையே தோன்றும் சிறு வாசகங்களைப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை தாயின் காதோடு சொல்லிவிட்டால் போதும். வைத்தியரிடமும் குடிவரவு அலுவலகத்திலும் பிள்ளைகளையே மொழிபெயர்ப்பாளராக்கி அழைத்துச் சென்றவர்கள் நாம். எமக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

மௌனப்படம் என்றாலும் அரங்கம் மௌனமாக இருந்ததில்லை. 1922 இல் ஹிப்போட்றோமில் பெரியதொரு வேர்லிட்சர் ஓர்கன் பொருத்தப்பட்டது. தேவாலயத்து ஓர்கனை மட்டும் கேட்டவர்கள் இதனை முற்றாக எண்ணிப்பார்க்க முடியாது. இசைப்பவர் ஒருவர்தான். அவர் முன்னே குதிரைலாட வடிவில் வரிசை வரிசையாகச் சாவிகள். ஆனால் ஒலி பிறப்பது வேறிடத்தில். சுவர்களுக்குப் பின்னால் மறைத்துக் கட்டப்பட்ட அறைகளில், மின்விசிறி ஊதும் காற்றினால். அங்கே குழல்களோடு முரசும் தாளமும் மணிகளும் இருக்கும். இவ்வகை ஓர்கன்கள் சிலவற்றில் புகைவண்டியின் ஊதலும் குதிரைக் குளம்பொலியும்கூட உண்டு. திரையைப் பார்த்தபடியே அவர் காதலர் பிரிவுக்கு ஒன்று, கள்வனைத் துரத்தலுக்கு ஒன்று என வாசித்துச் செல்வார். ஓர் இசைக்குழுவுக்கே சம்பளம் கொடுப்பதைவிட இது இலாபம் என்று அரங்க உரிமையாளர் கணக்குப் பார்த்ததும் உண்மையே.

1920களின் இறுதியில் பேசும்படம் வந்தது. ஓர்கனுக்கு வேலை குறைந்தது. மேடை நிகழ்ச்சிகளும் காலப்போக்கில் மறைந்தன. 1952 இல் ரொறன்ரோவில் தொலைக்காட்சி ஒளிபரப்புத் தொடங்கிய பின்னர், மூவாயிரம் இருக்கைகளை நிரப்புவது எந்த மாளிகைக்கும் எளிதாயிருக்கவில்லை.

எனினும் ஹிப்போட்றோமின் உயிரைப் போக்கியது தொலைக்காட்சியன்று, வாக்குச்சீட்டு. 1947 ஆம் ஆண்டின் முதல் நாளிலேயே, நகரச் சதுக்கமொன்றுக்குக் காணி வாங்க இருபது இலட்சம் டொலர் செலவிடுவதற்கு வாக்காளர் சம்மதித்திருந்தனர். 1955 டிசம்பரில் புதிய நகர மண்டபத்துக்கான முதல் திட்டத்தை அவர்கள் நிராகரித்தனர். 1956 டிசம்பரில் மீண்டும் கேட்கப்பட்டபோது சம்மதம் கிடைத்தது. அதே மாத இறுதியில் ஹிப்போட்றோம் தன் கடைசிப் படத்தைக் காட்டிக் கதவடைத்தது. அடுத்த ஆண்டில் இடிப்பு. 42 நாடுகளிலிருந்து ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் கலந்துகொண்ட போட்டியில் பின்லாந்துக்காரரான வில்யோ ரெவெல் 1958 இல் வென்றார். 1965 செப்டெம்பரில் மண்டபம் திறக்கப்பட்டபோது அவர் உயிரோடு இல்லை. முந்திய ஆண்டிலேயே காலமாகிவிட்டார்.

இத்திட்டத்தை முன்னின்று நடத்திய நகரபிதா நேதன் பிலிப்ஸ், ரொறன்ரோவின் முதலாவது யூத நகரபிதா. நெடுங்காலம் புரட்டஸ்தாந்து ஒரேஞ்ச் சங்கத்தாரின் கையிலிருந்த நகரசபையில் அவர் அப்பதவியை அடைந்தது சிறிய செய்தியன்று. வார்டில் பெட்டி சுமந்து வந்திறங்கிய சமூகத்தில் ஒருவர் நகரின் தலைமையை ஏற்றார். அவர் காலத்தில் வார்டின் மிச்சசொச்சமும் அழிந்தது. அந்த இடத்துக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. இதனை வெற்றியென்பதா, இழப்பென்பதா? இரண்டையும் பிரித்தெடுக்க எம்மால் இயலவில்லை.

இடிபட்டது படமாளிகை மட்டுமன்று. எலிசபெத் வீதியில் வேரூன்றியிருந்த சைனாரவுணின் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்ட நிலமும் எடுக்கப்பட்டது. கனடாவுக்குள் நுழையச் சீனரிற் பெரும்பாலோர் 1903 முதல் 500 டொலர் தலைவரி செலுத்த வேண்டியிருந்தது. 1923 இல் நுழைவே ஏறக்குறைய முற்றாகத் தடுக்கப்பட்டது. 1947 இல் தடை நீங்கிய பின்னரே, நீண்ட காலம் தனித்திருந்த ஆண்கள் மனைவி மக்களை அழைக்கத் தொடங்கினர். குடும்பங்கள் வந்து சேர்ந்த பத்தாண்டுகளுக்குள் வீதி போயிற்று. குடும்பத்தைக் கூப்பிடுவதற்காக ஆண்டுக்கணக்கில் கடிதம் எழுதிக் காத்திருந்த எம்மவர் இவ்வரிகளை இருமுறை வாசிப்பர் என எண்ணுகின்றோம்.

1960களின் இறுதியில் எஞ்சிய பகுதியையும் எடுக்க முயற்சி நடந்தபோது, அங்கே உணவகம் நடத்திவந்த ஜீன் லம் என்னும் பெண்மணி முன்னின்று மக்களைத் திரட்டினார். மிச்சம் தப்பியது. 1976 இல் அவருக்குக் கனடாவின் உயர் விருதான ஓடர் ஒஃப் கனடா வழங்கப்பட்டது. 1899 இல் திறக்கப்பட்ட பழைய நகர மண்டபத்தையும் அதே காலத்தில் இடிக்கத்தான் எண்ணினார்கள். அதுவும் மக்களின் எதிர்ப்பினாலேயே பிழைத்தது. யங் வீதியில், ஹிப்போட்றோமுக்குச் சில மாதங்கள் மூத்ததான எல்ஜின், வின்ரர் கார்டன் இரட்டை அரங்குகளை ஒன்ராறியோ மரபுரிமை நிறுவனம் 1981 இல் வாங்கிப் புதுப்பித்தது. பஃபலோவில் மைக்கல் ஷே 1926 இல் கட்டிய பெருமாளிகையும் நகரமக்களின் முயற்சியால் காப்பாற்றப்பட்டு நிற்கின்றது. ஹிப்போட்றோமின் கெட்டகாலம், அது சற்று முந்தி இடிபட்டமையே. பழைய கட்டடத்துக்காக ஊர் கூடிக் குரலெழுப்பும் வழக்கம் 1957 இல் இந்நகரில் இன்னும் வலுப்பெற்றிருக்கவில்லை.

சதுக்கத்தை நாம் குறைகூறவில்லை. கட்டணமின்றி, எவரிடமும் அனுமதி கேளாமல், வெறுங்கையோடு வந்தவனும் ஒரு மாலைப்பொழுதை அங்கே கழிக்கலாம். படமாளிகையில் நுழைவுச்சீட்டு வேண்டும். ஆயினும் அங்கே நிற்கும்போது காலடியில் என்ன இருந்ததென்று பிள்ளைகளுக்குச் சொல்லலாம் அல்லவா?

இடிபாட்டுக்குத் தப்பியது அந்த ஓர்கன். முதலில் அது மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் ஹொக்கி அரங்குக்குச் சென்றது. 1960களின் நடுப்பகுதியில் ரொறன்ரோவின் அரங்க ஓர்கன் ஆர்வலர் சங்கத்தார் அதனை வாங்கினர். நூற்றுக்கணக்கான குழல்களைத் துடைத்து, தோல்களை மாற்றி, மின்தொடர்புகளைச் சரிபார்த்து, ஊதியம் எதுவுமின்றி ஆண்டுக்கணக்கில் உழைத்தனர். 1974 இல் குன்றின் மேலுள்ள காசா லோமா மாளிகையில் அது மீண்டும் ஒலித்தது. அந்த மாளிகையை வரைந்த கட்டடக் கலைஞர் ஈ. ஜே. லெனொக்ஸ். ஹிப்போட்றோமின் வாசலுக்கு எதிரே, வீதியின் மறுபக்கத்தில் நின்ற பழைய நகர மண்டபத்தை வரைந்தவரும் அவரே.