ஊவாத் தோட்டங்களில் காகித ஆவணப் பேணுகை

காகித ஆவணப் பேணுகை என்பது தாளில் எழுதியதோ அச்சிட்டதோ மேலும் சிதையாமல் காப்பதும், சிதைந்ததை மூலத்துக்குக் கேடு வராமல் செப்பனிடுவதுமான தொழில். பெரும்பாலும் நூலகம், அருங்காட்சியகம், ஆவணக்காப்பகம் ஆகியவற்றில் சம்பளம் பெறுவோர் செய்யும் வேலை இது. அந்நிறுவனங்களுக்கு வெளியே, சொந்த மேசையில், ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாகக் கூலி பேசிச் செய்பவரைத் தனிப் பேணுநர் எனலாம். இலங்கையின் பதுளையையும் அதைச் சூழ்ந்த ஊவாத் தோட்டங்களையும் பொறுத்தவரை இத்தொழில் முதலில் கவனிக்க வேண்டியவை, பழைய நூல்களோ துரைமார் விட்டுச்சென்ற கணக்குப் புத்தகங்களோ அல்ல. லயம் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளில் தகரப் பெட்டிக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கும் குடும்பத் தாள்கள். அவற்றுக்குத் தோட்டக் கம்பனியையும் அரசு அலுவலகத்தையும் சாராத ஒரு கை தேவை. இவ்விரண்டையும் காரணத்தோடு நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஊவா 1886இல் தனி மாகாணமாயிற்று. 1869இல் இலங்கையில் தென்பட்ட இலைநோய் கோப்பியை அழித்த பின் பசறை, மடுல்சீமை, லுணுகலை, நமுனுகுல, அப்புத்தளை, பண்டாரவளை மலைகளில் தேயிலை பரவியது. ரயில் பாதை 1924இல் பதுளையைத் தொட்டது. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளியின் வாழ்க்கை தொடக்கம் முதலே தாளில் கட்டுண்டு கிடந்தது. ஆட்களைத் திரட்டி மேற்பார்த்த கங்காணிக்கு அவர் பட்ட கடனைக் குறித்த ‘துண்டு’ இல்லாமல் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக முடியாது. 1921இல்தான் சட்டம் அதை ஒழித்தது. காலையில் பெரட்டுக்களத்தில் ஆள் எண்ணி, செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பேர் விழுந்தால்தான் அன்றைய நாள் சம்பளத்தில் சேரும். அதன் பிறகு வந்தது 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம். அது பறித்த உரிமையைத் திரும்பக் கேட்க 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் ஒரு வழி வைத்தது. மணமானவர் 1946 ஜனவரி 1க்கு முந்திய 7 ஆண்டுகளும், மணமாகாதவர் 10 ஆண்டுகளும் இடையறாது நாட்டில் வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். 1951 ஆகஸ்ட் 5க்குள் விண்ணப்பிக்க வேண்டும். எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்காகச் சுமார் 2,37,000 விண்ணப்பங்கள் போயின. குடியுரிமை கிடைத்தவர்களோ சுமார் 1,34,000 பேர். எழுத்துச் சான்று கையில் இல்லாதவருக்கு, எத்தனை ஆண்டு உழைத்திருந்தாலும் அந்தக் கதவு திறக்கவில்லை.

அந்தச் சட்டத்தோடு தாளின் வேலை முடிந்துவிடவும் இல்லை. 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், நாடற்றவராகக் கணக்கிட்ட 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் ஒதுக்கியது. மீதி 1,50,000 பேரை இரு நாடுகளும் 1974இல் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டன. ஏறத்தாழ நாற்பது ஆண்டு கழித்து, 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் அதே 1964 அக்டோபர் 30ஐ எல்லைக்கோடாக வைத்து, அன்று முதல் இலங்கையில் நிலையாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்கள் வழிவந்தோருக்கும் குடியுரிமை தந்தது. பாட்டன் காலத்தில் பயனற்றுப் போன ஒரு கடிதம் பேரனுக்குச் சான்றாக உயிர்பெறக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் வேண்டியதில்லை. அடுத்த சட்டம் எந்த ஆண்டை, எந்தத் தாளைக் கேட்கும் என்று எவராலும் சொல்ல முடியாது. வேண்டியது, வேண்டாதது என்று வீட்டுத் தாளைத் தரம் பிரிக்கும் உரிமை பேணுநருக்கு இல்லை என்ற முதல் விதி இங்கிருந்தே பிறக்கிறது.

இந்தத் தாள்களோ மிகவும் நலிந்தவை. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஐரோப்பியத் தாள் பெரிதும் கந்தல் துணிக் கூழில் செய்யப்பட்டது. நார் நீளம், ஆயுளும் நீளம். பிறகு மரக்கூழ் வந்தது. மை ஊறாமலிருக்கப் படிகாரமும் குங்கிலியப் பிசினும் சேர்த்தார்கள். படிகாரம் ஈரத்தில் அமிலத்தைப் பிறப்பித்து நாரைச் சிறிது சிறிதாக அறுக்கிறது. அதனால்தான் கோப்பிக் காலத்துக் கணக்கேடு ஒன்று இன்றும் வளைந்து கொடுக்க, 1940களின் மலிவுத் தாளில் தட்டச்சிட்ட கடிதம் மடிப்பிலேயே ஒடிந்து விடுகிறது. வாழ்க்கையை நிர்ணயித்த தாள்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தவை. லயத்து அறையின் அடுப்புப் புகை அவற்றில் கரியாய்ப் படிகிறது. ஊவாவின் பருவமும் உதவுவதில்லை. ஜூலை முதல் செப்டம்பர் வரை மலையைத் தாண்டி இறங்கும் வறண்ட காற்றுதான் ஊவாத் தேயிலைக்கு அதன் பேர்பெற்ற மணத்தைத் தருவது. அதே காற்று தாளைச் சுருக்கி மொரமொரப்பாக்குகிறது. அக்டோபரில் மழை தொடங்கியதும் அந்தத் தாள் ஈரம் குடித்து உப்புகிறது. ஆண்டுதோறும் நடக்கும் இந்தச் சுருக்கமும் விரிவும் மடிப்புகளை வெட்டுகின்றன. காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நின்றால் பூஞ்சணம் பிடிக்கும். வெள்ளிப்பூச்சியும் கறையானும் பின்னால் வரும். வசம்பும் வேப்பிலையும் போட்டுவைக்கும் பழைய பழக்கத்தைக் கைவிடச் சொல்லத் தேவையில்லை. அவை தாளில் நேரே படாமல் சிறு துணிமுடிச்சில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். பதுளையில் இத்தொழில் செய்பவர், தண்ணீர் சேரும் வேலைகளையெல்லாம் அந்த வறண்ட மாதங்களுக்கும், தூசி தட்டுதல், உறையிடுதல், விவரக் குறிப்பெழுதுதல் ஆகியவற்றை மழைக்காலத்துக்கும் ஒதுக்குவதே அறிவு.

வீட்டுத் தாளைப் பேணும் முறை அருங்காட்சியக முறையிலிருந்து எங்கே பிரிகிறது என்பதைப் பார்க்க, நான்காய் மடித்து நான்கு துண்டாகப் பிரிந்துபோன ஒரு விண்ணப்பப் பிரதியை மேசையில் விரித்துக்கொள்வோம். தட்டச்சு எழுத்துகள் உண்டு. கீழே ஊதா ரப்பர் முத்திரை உண்டு. கையெழுத்திட வேண்டிய இடத்தில் பெருவிரல் ரேகை இருக்கிறது. ஓவியத் தாளாக இருந்தால் நீரில் அலசி அமிலத்தையும் பழுப்பையும் நீக்குவது வழக்கம். இங்கே அப்படிச் செய்தால் முத்திரை மையும் கைநாட்டும் கரைந்தோடிவிடும். எனவே பேணுநர் முதலில் ரேகையின் ஓரத்தில், கண்ணுக்குத் தெரியாத இடமாகப் பார்த்து, ஊசிமுனையளவு நீர் வைத்து ஒற்றுத்தாளால் ஒற்றுகிறார். ஒற்றுத்தாளில் ஊதா ஏறினால் அலசும் எண்ணத்தையே விட்டுவிட வேண்டும். மென்தூரிகையால் நடுவிலிருந்து ஓரம் நோக்கிப் புகைக்கரியைத் தட்டுவதோடு துப்புரவு முடிகிறது. பழைய செலோடேப் பழுத்து ஒட்டியிருந்தால், மேற்படலத்தை இளஞ்சூட்டில் உரித்து, அடியில் தங்கிய பசையைப் பொறுமையாகச் சுரண்டியெடுக்க வேண்டும். துண்டுகளை இணைக்க ஜப்பானியக் கோசோ தாளையோ நேபாளத்து லொக்தா தாளையோ கீற்றுக் கீற்றாகக் கிழித்துக்கொள்கிறார். கத்தரிக்கோலால் வெட்டினால் ஓரம் கூராகி அங்கே புது முறிவு விழும். கையால் கிழித்தால் நார் பிசிறிட்டு மூலத்தோடு கலந்து நிற்கும். பசை, கோதுமை மாவைக் கழுவிப் பசையத்தை நீக்கி எடுத்த வெறும் மாப்பொருள். அது பின்னர் ஈரம் பட்டால் விட்டுக்கொடுக்கும், அதனால் வேண்டியபோது கழற்றிவிடலாம். இத்தொழிலின் ஆதார நெறியே அதுதான்.

கடினமான விதி ஒன்று மீதமிருக்கிறது. மடிப்பில் ஓர் எழுத்து உதிர்ந்து போயிருந்தால், அதை ஒருபோதும் எழுதி நிரப்பக்கூடாது. ஓவியத்தில் விடுபட்ட இடத்துக்கு இசைவான வண்ணம் தீட்டுவது கண்ணுக்கு இதம்; சான்றுத் தாளில் அதே செயல் திருத்தல் குற்றத்துக்கு அருகில் போய் நிற்கும். மங்கிய எண்ணைத் தடித்துக் காட்டுவதும், பொத்தலை மூலத்தின் நிறத்திலேயே மூடுவதும், உரியவருக்கு உதவுவதாக எண்ணி அவருடைய தாளையே சந்தேகத்துக்கு உள்ளாக்குவதாகும். இணைப்பு கண்ணுக்குத் தெரிய வேண்டும். பேணுகைக்கு முன்னும் பின்னும் இருபுறமும் எடுத்த படங்கள், சேர்த்தது இன்னது, நீக்கியது இன்னது என்ற குறிப்பு ஆகியவற்றைத் தமிழில் எழுதி உரியவர் கையில் கொடுக்க வேண்டும். அழகு என்ற அளவுகோல் இங்கே இரண்டாம் இடத்துக்குப் போகிறது.

இதற்கு நேர்மாறானது லேமினேட் பழக்கம். போட்டோக்கொப்பிக் கடையில் சில நிமிடத்தில் பிறப்புச் சான்றிதழைப் பிளாஸ்டிக் உறைக்குள் அடைத்துத் தருகிறார்கள். தாளைக் காக்க வேண்டும் என்ற உண்மையான அக்கறைதான் மக்களை அங்கே அனுப்புகிறது. குறை அவர்களிடம் இல்லை. ஆனால் சூட்டில் உருகிய பசை நாருக்குள் இறங்கிவிடுகிறது, உருளை அழுத்தத்தில் புடைப்பு முத்திரை தட்டையாகிறது, தாளின் அமிலம் உள்ளேயே அடைபடுகிறது. அறிஞர்களும் இதே தவறைச் செய்தவர்கள்தான். அமெரிக்காவில் வில்லியம் பாரோ 1930களில் செலுலோஸ் அசிட்டேட் படலத்தால் ஆவணங்களை மூடும் முறையை வளர்த்தார். பல காப்பகங்கள் அதைப் பின்பற்றின. பிற்காலப் பேணுநர்கள் அந்தப் படலத்தைக் கரைத்து நீக்கப் பாடுபட வேண்டியதாயிற்று. பிளாஸ்டிக்கே கூடாது என்பதல்ல வாதம். தெளிந்த பொலியெஸ்டர் தாள் இரண்டுக்கிடையே ஆவணத்தை வைத்து, பசை தொடாமல் ஓரத்தை மட்டும் அடைத்தால், கடை லேமினேட் தரும் பாதுகாப்பு முழுவதும் கிடைக்கும். எப்போது வேண்டுமானாலும் வெளியே எடுக்கலாம்.

மாற்று வாதங்கள் பல உண்டு. பதிவாளர் அலுவலகத்தில் சான்றுப்படுத்திய பிரதி கிடைக்கும்போது கிழிந்த தாளுக்கு ஏன் இத்தனை பாடு என்பது ஒன்று. பிரதி கிடைக்க, முதலில் பதிவு இருக்க வேண்டும். பேரும் பொருந்த வேண்டும். பிறப்புச் சான்றிதழில் முத்துசாமி, செக்ரோலில் முத்து, அடையாள அட்டையில் வேறோர் எழுத்துக்கூட்டல் என்று ஒரே ஆள் மூன்று பேராக நிற்பது தோட்டங்களில் சாதாரணம். சேமலாப நிதி கேட்டுப் போகும்போதுதான் அது இடறுகிறது. மூவரும் ஒருவரே என்று காட்டும் பாலம், எந்தப் பதிவேட்டிலும் ஏறாத ஒரு பழைய கடிதமாக இருக்கலாம். தோட்ட அலுவலகப் பதிவேடு போதுமே என்பார்க்கும் விடை உண்டு. 1972, 1975 நிலச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளிடம் போனது. நிர்வாகம் மாறும்போதெல்லாம் பழைய ஏடுகளுக்குப் பொறுப்பாளி யார் என்ற கேள்வி புதிதாக எழுந்தது. தேசிய ஆவணக்காப்பகத்துக்கு அடிப்படையான 1973ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம் அரசாங்கப் பதிவேடுகளை முதன்மையாகக் கருதியது. லயத்துப் பெட்டி அதன் கண்ணுக்கு எட்டாத தொலைவில் இருக்கிறது.

படமெடுத்து இணையத்தில் ஏற்றிவிடலாம் என்ற வாதம் வலுவானது. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்துத் தமிழ் நூல்களுக்கும் இதழ்களுக்கும் செய்திருக்கும் சேவை அளவிடற்கரியது. எனினும் ஒட்டிக்கொண்ட மடிப்பைப் பிரித்தால்தான் படம் எடுக்க முடியும். அதைப் பிரிப்பது பேணுநரின் வேலை. அலுவலக மேசையில் கேட்பதும் மூலப் பிரதியைத்தான். அதோடு, ஒரு குடும்பத்தின் கடனும் நாடற்ற நிலையும் எழுதியிருக்கும் தாளை ஊரறிய வைக்கலாமா என்பதை அக்குடும்பமே முடிவு செய்ய வேண்டும். இலக்கியத்துக்கு முதலிடம் தர வேண்டும் என்பாரும் உண்டு. ஊவாக்கட்டவளையில் பிறந்து, தாம் வேலை பார்த்த தெளிவத்தைத் தோட்டத்தைத் தம் பேரோடு சேர்த்துக்கொண்ட தெளிவத்தை ஜோசப், 2000இல் ‘மலையகச் சிறுகதை வரலாறு’ நூலைத் தந்ததற்குப் பின்னால் எத்தனை பழைய இதழ்கள் தப்பிப் பிழைத்திருக்க வேண்டும் என்று எண்ணினால் அந்த வாதத்தின் நியாயம் புரியும். ஆனாலும் அச்சான இதழின் இன்னொரு பிரதி யாழ்ப்பாணத்திலோ சென்னை ரோஜா முத்தையா நூலகத்திலோ கிடைக்க வாய்ப்புண்டு. கைநாட்டு வைத்த தாளுக்கு இரண்டாம் பிரதி கிடையாது.

ஏன் தனிப் பேணுநர்? கம்பனியின் பதிவும் தொழிலாளியின் தாளும் ஒன்றுக்கொன்று முரண்படக்கூடியவை. சேவைக்காலக் கணக்கில் வழக்கு வந்தால், ஒரு தரப்பின் பணியாளர் தொட்ட தாளை மறுதரப்பு நம்பாது. மேற்பார்வை இல்லாதவரை எப்படி நம்புவது என்று திருப்பிக் கேட்பது நியாயமே. எழுத்துமூலச் சம்மதமும், மேலே சொன்ன படமும் குறிப்பும், மூலத்தை உரியவரின் அனுமதியின்றி இரவு தங்க வைக்காத கட்டுப்பாடுமே அதற்கு உறுதி. இதில் வருமானம் சொற்பம் என்பது உண்மை. கோவில், தேவாலயம், தொழிற்சங்கம், பழைய பங்களாக்களை விடுதியாக நடத்துவோர் ஆகியோரின் ஏடுகளுக்கு முழுக் கூலி வாங்கினால்தான் குடும்பத் தாள்களைக் குறைந்த செலவில் செய்ய இயலும். நல்வாய்ப்பாக, அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு நல்ல உறை, தட்டையான பெட்டி, தரையிலிருந்து உயரமான இடம் ஆகியவையே போதும். புத்தக வேலை தேடி மலையிலிருந்து இறங்கிப் போகாமல் பதுளையிலேயே ஒருவர் இருக்க வேண்டியதன் காரணமும் இதுதான். வேலையின் பெரும்பகுதி செப்பனிடுவதில் இல்லை. வீடு வீடாகச் சென்று சொல்லிக் கொடுப்பதில் இருக்கிறது.

அருகில் இருப்பது எவ்வளவு அவசியம் என்பதை மண்சரிவு காட்டுகிறது. 2014 அக்டோபர் 29 காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. ஈரமான தாளில் இரண்டு மூன்று நாளுக்குள் பூஞ்சணம் ஏறிவிடும்; கொழும்பிலிருந்து உதவி வரும் வரை அது காத்திராது. 1966 நவம்பரில் புளோரன்ஸ் நகர வெள்ளத்துக்குப் பின் உலகம் கற்றுக்கொண்ட பாடங்கள் ஊவாவுக்கும் பொருந்தும். சேறு படிந்த கட்டைப் பிரிக்க அவசரப்படக்கூடாது. வெயிலில் காயப்போடக்கூடாது, மேல்தாள் சுருண்டு, அடித்தாள் ஒட்டிக்கொள்ளும். நிழலில் காற்றோட்டமாக, அச்சிடாத வெள்ளைத் தாளை இடையிட்டு, அதை அடிக்கடி மாற்ற வேண்டும். மை கரையாத தாளுக்கே இது சரி. ஒரேயடியாகக் கையாள முடியாத அளவு இருந்தால், சிறு கட்டுகளாகப் பையிலிட்டு, அந்தப் பகுதியில் மின்சாரம் உள்ள எந்தக் கடையின் உறைபெட்டியிலாவது வைத்துவிட வேண்டும். உறைந்த தாளில் பூஞ்சணம் வளராது, மையும் ஓடாது. பிறகு ஒவ்வொரு கட்டாக எடுத்து, உரிய குடும்பத்தாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிரிக்கலாம்.