கூடலூரின் ஆதிவாசி நர்சுகள்

நீலகிரி என்றதும் பலருக்கும் ஊட்டியும் தேயிலையும்தான் ஞாபகம் வரும். அதே மாவட்டத்தின் கூடலூரில் பணியர், பெட்டகுறும்பர், முள்ளுக்குறும்பர், காட்டுநாயக்கர் ஆகிய பழங்குடிகள் வாழ்கிறார்கள். ஆஸ்பத்திரி என்றாலே அவர்களில் பலருக்குப் பயம்.

1980களில் அங்கே அக்கார்டு அமைப்பும் ஆதிவாசி முன்னேற்றச் சங்கமும் உருவாயின. 1987-ல் வந்த டாக்டர் தம்பதி தேவதாசன், ரூபா இருவரும் ஆதிவாசிகளையே சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றுவித்தார்கள். கர்ப்பிணிகளைக் கவனிப்பது, குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட வைப்பது என்று வேலை ஊர் ஊராகப் பரவியது.

1990-ல் அஸ்வினி அமைப்பின் கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை தொடங்கியது. ஆதிவாசிப் பெண்களே அங்கே நர்சுகளாகப் பயிற்சி பெற்றார்கள். நோயாளியிடம் அவருடைய மொழியிலேயே பேச ஆள் கிடைத்தது, பயமும் குறைந்தது.

வெளியூர் டாக்டர் ஒருநாள் திரும்பிப் போகலாம். ஊர்ப்பெண் கற்ற தொழில் ஊரிலேயே தங்கும் அல்லவா?