கே.ராஜகோபால்

டத்தோ கே.ராஜகோபால் (கிருஷ்ணசாமி ராஜகோபால், பிறப்பு: 10 ஜூலை 1956) மலேசியாவின் முன்னாள் காற்பந்து ஆட்டக்காரர், பயிற்றுநர். கோலாலம்பூரின் செத்தாப்பாக்கில் பிறந்தவர். இவர் பயிற்சியில் மலேசியா 2009 சீ (தென்கிழக்காசிய விளையாட்டு) போட்டியில் தங்கம் வென்றது. அடுத்த ஆண்டே தென்கிழக்காசிய நாடுகளுக்கான சுசுகி கிண்ணத்தையும் கைப்பற்றியது. அந்தக் கிண்ணம் மலேசியாவுக்கு வந்தது அந்த ஒரு தடவைதான். ரசிகர்கள் இவரைச் செல்லமாக 'கிங் ராஜா' என்றார்கள். திடலில் ஓடிய காலத்தில் கிடைக்காத பட்டப்பெயர் அது.

இன்று அடுக்குமாடி வீடுகளாக நிமிர்ந்து நிற்கும் செத்தாப்பாக், அப்போது ரப்பர் தோட்டங்கள் சூழ்ந்த புறநகர். தோட்டத்துக்கு ஒரு பள்ளி, ஒரு கோயில், ஒரு கள்ளுக்கடை இருந்ததுபோல் ஒரு திடலும் இருந்தது. பிரிக்பீல்ட்ஸ், செந்தூல் ரயில்வே குடியிருப்புகளிலும் துறைமுகத்தை ஒட்டிய கிள்ளானிலும் கதை இதேதான்: மாலையானால் பந்து. நாட்டின் தலைசிறந்த கோல்காவலர் என்று இன்றும் பேசப்படும் 'ஸ்பைடர்மேன்' ஆர்.ஆறுமுகம் கிள்ளான் வட்டாரம் தந்தவர். தற்காப்பு அரணாக நின்ற சந்தோக் சிங் செத்தாப்பாக்காரர். ராஜகோபால் வந்து சேர்ந்த சிலாங்கூர் அணி இவர்களும் தாக்குதல் ஆட்டக்காரர் மொக்தார் டஹாரியும் ஆடிக்கொண்டிருந்த அணி.

1970களின் பிற்பகுதியிலும் 80களின் தொடக்கத்திலும் ராஜகோபால் சிலாங்கூருக்குத் தாக்குதல் வரிசையில் ஆடினார், நாட்டுக்காகவும் ஆடினார். 1978 முதல் 1984 வரையிலான ஏழு ஆண்டுகளில் சிலாங்கூர் ஐந்து முறை மலேசியக் கிண்ணத்தை வென்றது. அப்படி ஓர் அணியில் இருப்பவர் பெயர் மற்றவர் நிழலில் விழுவது இயல்பு. மொக்தார் ஒருபுறம் கோலாக அடித்துத் தள்ளிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் ஓடுபவரை யார் கவனிப்பார்கள்?

ஆட்டத்தை நிறுத்திய பிறகு பயிற்றுநர் வேலைக்கு வந்தார். இளையோர் அணிகளோடு நீண்ட காலம் இருந்ததால் பதின்ம வயதுப் பையன்களின் ஆட்டமும் குணமும் அவருக்கு அத்துப்படியாயின. பின்னாளில் கைகொடுத்தது இந்தப் பழக்கம்தான்.

தேசிய அணிப் பொறுப்பை அவர் ஏற்ற நேரத்தில் மலேசியக் காற்பந்து தலைகுனிந்து கிடந்தது. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற நாடு, 1994-95 சூதாட்ட ஊழலில் நூற்றுக்கும் மேற்பட்டோர் விசாரிக்கப்பட்டதற்குப் பிறகு நிமிரவே இல்லை. சொந்த மண்ணில் நடந்த 2007 ஆசியக் கிண்ணத்தில் சீனாவிடம் 1-5, உஸ்பெகிஸ்தானிடம் 0-5, ஈரானிடம் 0-2. அதற்குப் பின் அணியை ஏற்ற பி.சத்தியநாதனின் காலமும், 2009 தொடக்கத்தில் ஐக்கிய அரபு சிற்றரசுகளிடம் வாங்கிய 0-5 அடியோடு முடிவுக்கு வந்தது. அவருக்கு அடுத்து நாற்காலியில் அமர்ந்தவர் ராஜகோபால். தேசிய அணிக்கு அடுத்தடுத்து இந்திய வம்சாவளியினர் இருவர் பயிற்றுநர்கள் என்பது அப்போது பத்திரிகைகளில் பெரிதாகப் பேசப்படவில்லை. தோற்கும் அணிக்கு யார் பயிற்றுநராக இருந்தால் என்ன என்ற அலுப்பும் அதற்குக் காரணமாக இருக்கலாம்.

இரண்டு விஷயங்கள் அவருக்குச் சாதகமாக அமைந்தன. 2009 பருவத்திலிருந்து உள்ளூர் லீக்கில் வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்குத் தடை இருந்தது. லீக் சப்பென்று போய்விட்டது என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. ஆனால் உள்ளூர் முன்னணி ஆட்டக்காரர்களுக்கு வாரந்தோறும் முழு ஆட்டம் கிடைத்தது. மற்றொன்று, மலேசியக் காற்பந்துச் சங்கம் 2007இல் தொடங்கிய 'ஹரிமாவ் மூடா' என்ற இளையோர் அணி. ஓங் கிம் சுவீ பயிற்சியில் அது 2009 பிரிமியர் லீக்கையே வென்றது. ஒன்றாகத் தங்கி, ஒன்றாக ஆடி வளர்ந்த அந்தப் பையன்களைத்தான் ராஜகோபால் முதுகெலும்பாக்கினார். மூத்தவர்களின் பெயருக்காக அணியில் இடம் கொடுக்கவில்லை. இதற்காக வசவும் வாங்கினார்.

2009 டிசம்பர், வியந்தியான். 23 வயதுக்குட்பட்டோருக்கான சீ போட்டிக் காற்பந்தில் மலேசியா பிரிவு ஆட்டத்தில் வியட்நாமிடம் 1-3 என்று தோற்றது. ஆனால் 1993 முதல் தொடர்ந்து எட்டு முறை தங்கம் வென்றிருந்த தாய்லாந்தை 2-1 என வீழ்த்தி வெளியே அனுப்பியது. 17ஆம் தேதி இறுதியாட்டத்தில் எதிரே மீண்டும் அதே வியட்நாம். ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருக்கும்போது வியட்நாம் ஆட்டக்காரர் ஒருவர்மேல் பட்டுப் பந்து அவர்கள் வலைக்குள்ளேயே போய் விழுந்தது. 1-0. இருபது ஆண்டுகளுக்குப் பிறகு தங்கம். அதிர்ஷ்டம் என்றவர்கள் பலர்.

அடுத்த ஆண்டு அந்தப் பேச்சு அடங்கியது. சுசுகி கிண்ணத்தின் முதல் ஆட்டம் 1 டிசம்பர் 2010 அன்று ஜகார்த்தாவில். நோர்ஷாருல் இட்லான் முதல் கோலை அடித்தும் இந்தோனேசியா 5-1 என்று நசுக்கியது. மறுநாள் கோலாலம்பூர்ப் பத்திரிகைகளைப் படிக்கத் தைரியம் வேண்டும். ராஜகோபால் அணியைக் கலைத்துப் போடவில்லை, தற்காப்பை இறுக்கினார். தாய்லாந்தோடு 0-0, லாவோஸை 5-1. அரையிறுதியில் நடப்பு வெற்றியாளரான வியட்நாமுக்கு எதிராகப் புக்கிட் ஜாலிலில் சாஃபி சாலி இரண்டு கோல் அடித்தார். ஹனோய் ஆட்டத்தில் வியட்நாமைக் கோல் அடிக்கவே விடவில்லை.

இறுதியின் முதல் சுற்று 26 டிசம்பர், புக்கிட் ஜாலில். ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் அமரக்கூடிய அரங்கத்தில் காலி இருக்கை இல்லை. பிரிக்பீல்ட்ஸில் இரண்டு மாதம் முன்புதான் 'லிட்டில் இந்தியா' திறப்பு விழா கண்டிருந்தது. அங்கும், கிள்ளானிலும், எங்கெங்கு மாமாக் கடையில் பெரிய திரை உண்டோ அங்கெல்லாம் தே தாரிக்கோடு கூட்டம். இரண்டாம் பாதியில், பார்வையாளர் சிலர் பச்சை லேசர் ஒளியைக் கண்ணில் அடிப்பதாக முறையிட்டு இந்தோனேசிய ஆட்டக்காரர்கள் வெளியேற, ஆட்டம் சில நிமிடம் நின்றது. இது மலேசிய ரசிகர்களுக்குப் பெருமை சேர்க்காத பக்கம். வெற்றியைச் சொல்லும்போது இதையும் சொல்லத்தான் வேண்டும். ஆட்டம் தொடர்ந்த சிறிது நேரத்தில் கோட்டோரம் பந்தை வெளியே போகவிடலாம் என்று மறித்து நின்றார் இந்தோனேசியத் தற்காப்பு ஆட்டக்காரர் மாமான். நோர்ஷாருல் அவரைச் சுற்றி நழுவிப் பந்தைத் தட்டிப் பறித்து உள்ளே தள்ள, 61ஆவது நிமிடத்தில் சாஃபி சாலி முடித்தார். பிறகு அஷாரி ஷம்சுடின், மீண்டும் சாஃபி. 3-0.

மூன்று நாள் கழித்து ஜகார்த்தாவில் ஃபிர்மான் உத்தினாவின் பெனால்டியை 21 வயது கோல்காவலர் கைருல் ஃபாமி தடுத்தார். சாஃபி இன்னொரு கோல் அடிக்க, இந்தோனேசியாவின் 2-1 வெற்றி பயன்படாமல் போனது, மொத்தம் 4-2. ஐந்து கோல்களுடன் சாஃபியே போட்டியின் அதிக கோல் அடித்தவர். எஸ்.குணாலன், கே.குருசாமி ஆகியோரும் அந்த அணியில் இருந்தனர். டிசம்பர் 31ஆம் தேதியை அரசாங்கம் பொது விடுமுறையாக அறிவித்தது.

முதல் சந்திப்பில் தோற்கடித்த எதிரியை இரண்டாவது முறை சாய்ப்பது ராஜகோபாலின் கைப்பாகமோ என்று தோன்றியது. அது நீடிக்கவில்லை. 2011இல் உலகக் கிண்ணத் தகுதியாட்டத்தில் சிங்கப்பூரிடம் 3-5 என்று தோற்று, கோலாலம்பூரில் 1-1 சமநிலையோடு வெளியேறியது மலேசியா. 2012 சுசுகி கிண்ணத்தில் சொந்த அரங்கிலேயே சிங்கப்பூரிடம் 0-3; இந்தோனேசியாவை 2-0 என வென்று மீண்டு வந்தாலும் அரையிறுதியில் தாய்லாந்து வழிமறித்தது. வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் 2012இல் லீக்குக்குத் திரும்பியிருந்தார்கள். எதிரணிகளும் மலேசியாவின் ஆட்டத்தைப் படித்துவிட்டன. ராஜகோபாலிடம் மாற்றுத் திட்டம் போதவில்லை என்ற விமர்சனத்தில் நியாயம் உண்டு.

2013 இறுதியோடு தேசிய அணியுடனான அவர் உறவு முடிந்தது. பிறகு சரவாக் மாநில அணிக்குப் பயிற்றுநரானார். தேசிய அணியை 2014இல் டோலா சாலே ஏற்றார். அவர் பயிற்சியில் அந்த ஆண்டும், தான் செங் ஹோ பயிற்சியில் 2018இலும் மலேசியா தென்கிழக்காசிய இறுதிவரை சென்று முறையே தாய்லாந்திடமும் வியட்நாமிடமும் தோற்றது.