விசித்திரசித்தன்: மகேந்திரவர்மனின் கலைவாழ்வும் சான்றுகளின் எல்லையும்

பல்லவ மன்னருள் சிம்மவிட்டுணுவின் மகனாய்த் தோன்றி, ஏறத்தாழ கி.பி. 590 முதல் 630 வரை காஞ்சியிலிருந்து ஆட்சி செலுத்தியவன் முதலாம் மகேந்திரவர்மன். கட்டடம், சிற்பம், ஓவியம், இசை, நாடகம் என்னும் ஐந்து துறைகளிலும் வல்லவன் என அவனை நூல்கள் பலவும் போற்றுகின்றன. அப்போற்றுதல் முழுவதும் சான்றின் வழிப்பட்டதா, ஒரு பகுதி நாமே ஏற்றிக் கூறியதா என்பதே ஈண்டு ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

1. மண்டகப்பட்டுக் குடைவரை

விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டில் பாறையைக் குடைந்து அமைத்த கோயில் ஒன்று உள்ளது. பின்சுவரில் மூன்று கருவறைகளும், முகப்பின் இரு கோடியிலும் வாயிற்காவலர் உருவங்களும் உள. அதன் வடமொழிக் கல்வெட்டு, செங்கல், மரம், உலோகம், சுதை ஆகிய நான்கும் இன்றி விசித்திரசித்தன் என்னும் அரசன் அயன், அரன், அரி ஆகிய மூவர்க்கும் இக்கோயிலை ஆக்குவித்தான் என்று உரைக்கின்றது.

இக்கல்வெட்டினைத் தமிழகத்தின் முதற் குடைவரைக்குச் சான்றெனப் பலர் கொள்வர். ஆயினும் ‘முதன்முதல்’ என்னும் சொல் அதன்கண் இல்லை. பாண்டி நாட்டுப் பிள்ளையார்பட்டிக் குடைவரை இதனினும் முற்பட்டதாகலாம் என்று எழுத்தமைதி கொண்டு கருதும் அறிஞரும் உளர். எனவே, மன்னன் பெருமை காலமுதன்மையில் அன்று. ‘இவை இன்றி’ என எண்ணிக் கூறும் அந்த மனப்பாங்கில் உளது என்க. ஒரு கலைஞன் தான் எதனைப் பயன்படுத்தினான் என்று கூறுதல் இயல்பு; எதனைத் துறந்தான் என்று கூறுதல் அரிது. செயற்கரிய செயலைச் செய்கின்றோம் என்னும் தெளிந்த உணர்வு அக்கூற்றில் புலனாகின்றது.

2. ஊக்கம் பிறந்த இடம்

இவ்வுணர்வு எங்கிருந்து வந்தது? கிருட்டிணை ஆற்றங்கரையிலுள்ள உண்டவல்லி முதலிய குடைவரைகளைக் கண்டே மகேந்திரன் இம்முயற்சியில் இறங்கினான் என்று பிரெஞ்சு அறிஞர் சூவோ துப்ரேல் கருதினார். மன்னன் பட்டப்பெயர்களுள் தெலுங்குச் சொற்கள் விரவியிருத்தல் இக்கருத்திற்கு ஓரளவு துணை செய்யும். ஆயினும் அக்குடைவரைகளின் காலம் பற்றி அறிஞரிடையே உடன்பாடு இல்லை. ஆதலின் அதனை முடிந்த முடிபாகக் கொள்ளல் இயலாது.

மற்றொன்றும் எண்ணத்தக்கது. கல் என்பது தமிழகத்தில் நடுகல்லோடும் ஈமக்கடனோடும் இயைபு பெற்றிருந்தமையால், கடவுட் கோயிற்குக் கல்லைப் பயன்படுத்தத் தயக்கம் இருந்திருக்கலாம் என்பர் அறிஞர் கே. ஆர். சீனிவாசன். அங்ஙனமாயின் மகேந்திரன் வென்றது பாறையின் வன்மையை மட்டுமன்று, வழக்கின் வன்மையையும் என்பது பெறப்படும்.

மண்டகப்பட்டோடு அம்முயற்சி அமையவில்லை. மகேந்திரவாடியில் தனித்து நின்ற ஒரு பாறையைக் குடைந்து, ஏரிக்கரையில் திருமாலுக்குக் கோயில் எடுத்தான். சீயமங்கலத்தில் அவனிபாசன பல்லவேசுவரமும், தளவானூரில் சத்துருமல்லேசுவரமும் தோன்றின. அவன் பட்டப்பெயர்களே கோயிற் பெயர்களாயின. சிராப்பள்ளி மலையிலுள்ள இலளிதாங்குரன் குடைவரையில், கங்கையைச் சடையில் ஏற்கும் சிவபெருமான் உருவம் சுவர் முழுதும் நிறைந்து நிற்கின்றது. அங்குள்ள வடமொழிப் பாடல், ஆறுகளை விரும்பும் சிவன் காவிரியையும் விரும்பிவிடுவானோ என அஞ்சிய மலைமகள், அவ்வாறு பல்லவனுக்கு உரியவள் என்று சொல்லிக்கொண்டே அம்மலையில் தங்கினாள் எனக் கற்பனை செய்கின்றது. கங்கையைக் கல்லிலும் காவிரியைச் சொல்லிலும் அமைத்து, மலையின் கீழ் ஓடும் ஆற்றை இரண்டிற்கும் நடுவே நிறுத்திய நயம் உணர்ந்து இன்புறற்பாலது.

3. ஓவியமும் நாடகமும்

‘சித்திரகாரப்புலி’ என்னும் பட்டப்பெயர் பல்லாவரம் முதலிய இடங்களில் பொறிக்கப்பட்டுள்ளது. ஓவியருள் புலி போன்றவன் என்பது அதன் பொருள். மாமண்டூரிலுள்ள சிதைந்த கல்வெட்டில் ‘தட்சிணசித்திரம்’ என்னும் பெயர் காணப்படுதலின், ஓவியநூல் ஒன்றற்கு அவன் உரை வகுத்தான் எனக் கொள்வாரும் உளர். கருவறைகள் பல இன்று வெறுமையாய்க் கிடத்தலை நோக்கின், அங்கு வழிபடப்பட்ட வடிவங்கள் சுவரில் வண்ணத்தாலோ சுதையாலோ அமைந்திருக்கக்கூடும் எனத் தோன்றுகின்றது. ஆயின், இவன் தீட்டியது இது என்று ஐயமின்றிச் சுட்டத்தக்க ஓவியம் ஒன்றேனும் எஞ்சவில்லை.

நாடகத்தில் நிலை வேறு. 1917-இல் திருவனந்தபுரத்தில் த. கணபதி சாத்திரியார் பதிப்பித்த ‘மத்தவிலாசப் பிரகசனம்’ மகேந்திரன் இயற்றியதே என்பதை அதன் முன்னுரைப் பகுதியே கூறும். கபாலம் தொலைத்த காபாலிகன் ஒருவன் காஞ்சித் தெருவில் பௌத்தத் துறவியைத் திருடன் எனப் பற்றுகின்றான். பாசுபதன் ஒருவன் வழக்குத் தீர்க்க முயல்கின்றான். ஈற்றில் கபாலத்தை நாயே கௌவிச் சென்றது எனத் தெரியவருகின்றது. சிவனுக்குக் கோயில் எடுத்த மன்னனே சைவக் கிளையினரையும் நகைக்கு ஆளாக்கினான் என்பது கருதத்தக்கது. கேரளத்துச் சாக்கியர் அந்நாடகத்தைக் கூடியாட்டத்தில் வழிவழியாக நடித்து வருதல், கல்லன்றிச் சொல்லும் அவனை வாழ்விக்கின்றது என்பதற்குச் சான்று.

4. ஏற்றிக் கூறப்பட்டவை

சித்தன்னவாசல் ஓவியங்களும் குடுமியான்மலை இசைக்கல்வெட்டும் மகேந்திரன் ஆக்கங்கள் என நெடுங்காலம் கூறப்பட்டன. குடுமியான்மலைக் கல்வெட்டில் அதனை ஆக்கியவன் உருத்திராசாரியர் மாணாக்கனாகிய சிவநெறி அரசன் என்பது உண்டே அன்றி, அரசன் பெயர் இல்லை. ‘சங்கீர்ணசாதி’ என்னும் பட்டப்பெயரைத் துணைக்கொண்டு அவனை மகேந்திரன் என்றல் ஊகமே ஆகும். சித்தன்னவாசலிலோ, 9ஆம் நூற்றாண்டில் பாண்டியன் சீவல்லபன் காலத்தில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அக்குடைவரையின் அகமண்டபத்தைப் புதுக்கி, முகமண்டபமும் எடுத்த செய்தியைத் தமிழ்க் கல்வெட்டே கூறுகின்றது.

புகழ்மிக்க ஒருவன் பெயரின்கீழ் எல்லாவற்றையும் சேர்த்தல் எளிது. அதனால் நேரும் இழப்பு யாருக்கு என எண்ணுதல் வேண்டும். உளி பிடித்தவர் பெயர்களும் தூரிகை பிடித்தவர் பெயர்களும் பெரும்பாலும் மறைந்தொழிந்த நாட்டில், கல்லில் தப்பிப் பிழைத்த இளங்கௌதமன் பெயரையும் ஓர் அரசன் புகழுக்குள் நாம் மறைத்துவிடுகின்றோம். அது வரலாற்றுப் பிழை மட்டுமன்று. நன்றி மறத்தலும் ஆம்.

5. முடிவுரை

மேற்கூறியவற்றை நீக்கிய பின்னரும் மகேந்திரன் சிறுமையுறவில்லை. குடைவரைகளும், நகைச்சுவை நாடகமும், தன்னை ஓவியன் என்று தானே அழைத்துக்கொண்ட பட்டப்பெயரும் ஐயத்திற்கு இடமின்றி அவனுக்கு உரியன. விசித்திரசித்தன் என்பதற்குப் புதுமை நாடும் உள்ளத்தன் எனப் பொருள் கொள்ளலாம். அப்பெயருக்கு மண்டகப்பட்டு ஒன்றே போதிய சான்றாகும். எஞ்சியவற்றை உரியவரிடம் ஒப்படைத்தல் ஆராய்ச்சி மாணவர் கடன்.