நிலக்கணக்கில் முன்னோர் தடம்: தகடூர் முதல் ஓசூர் வரை

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தின் ஊர்ப்பெயர்களைக் காணும் சமணக் குடும்பத்தினர்க்கு ஓர் ஐயம் எழுதல் இயல்பு. பேரண்டப்பள்ளி, குருபரப்பள்ளி, வேப்பனப்பள்ளி என்று 'பள்ளி'யில் முடியும் ஊர்கள் இங்குப் பல. இவை யாவும் ஒருகாலத்தில் சமணப் பள்ளிகள் விளங்கிய ஊர்களா? 'ஆம்' என்று உடனே சொல்லிவிட ஆவல் தூண்டும். ஆனால், பள்ளி என்னும் தமிழ்ச்சொல் முனிவர் உறைவிடத்தையும் குறிக்கும், சிற்றூரையும் குறிக்கும். தெலுங்கில் 'பல்லெ' என்பதும் கன்னடத்தில் 'ஹள்ளி' என்பதும் சிற்றூரே. மும்மொழியும் கலந்து வழங்கும் இவ்வெல்லைப்புறத்தில் ஊர்ப்பெயர் ஒரு குறிப்பாகலாம், சான்றாகாது. சான்று தேடுவோர் நிலக்கணக்கையே நாடவேண்டும்.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு அண்மையிலேயே உள்ளது. 2004 வரை கிருஷ்ணகிரியைத் தன்னுள் கொண்டிருந்த தருமபுரியின் பழம்பெயர் தகடூர். அங்குக் கிடைத்த நுளம்பர் காலக் கன்னடக் கல்வெட்டொன்று சக ஆண்டு 815, அதாவது கி.பி. 893, எனக் காலம் குறிக்கிறது. வணிகர் ஒருவரின் மைந்தர்களான நிதியண்ணன், சண்டியண்ணன் என்னும் உடன்பிறந்தார் இருவர் தகடூரில் ஒரு வசதி, அதாவது ஜினாலயம், எடுப்பித்தனர். நிதியண்ணன் மகேந்திர நுளம்பனிடமிருந்து மூலப்பள்ளி என்னும் ஊரைப் பெற்றார். பெற்ற ஊரைத் தம் உடைமையாக வைத்துக்கொள்ளாமல், மூலசங்கத்துச் சேனான்வயத்தைச் சார்ந்த விநயசேன சித்தாந்த படாரரின் மாணாக்கர் கனகசேன சித்தாந்த படாரரிடம், ஆலயப் பணிகளுக்கென ஒப்புவித்தார். மகேந்திரனின் மகன் ஐயப்பதேவனும் பின்னர் இவ்வாலயத்திற்கு ஊர் ஒன்றை அளித்தான்.

இதில் கருதத்தக்கது ஒன்றுண்டு. சமண ஆலயத்திற்கு உரிமையாகும் முன்னரே, அரசன் கொடுத்த ஊராகவே மூலப்பள்ளி இக்கல்வெட்டில் இடம்பெறுகிறது. அவ்வூரைச் சமணத்தோடு இணைப்பது அதன் பெயரிலுள்ள 'பள்ளி' அன்று, கொடையாவணமே.

நிலக்கொடை ஆவணங்களுள் தமிழ்ச் சமணர் நன்கறிய வேண்டிய மற்றொன்று பள்ளன்கோயில் செப்பேடு. பல்லவன் சிம்மவர்மன் காலக் கொடையாகிய இது, பருத்திக்குன்றத்து வச்சிரநந்திக்கு அமண்சேர்க்கை என்னும் ஊரை அளித்ததைக் கூறுகிறது. பிற்காலச் சோழர் கல்வெட்டுகள் இத்தகைய நிலங்களைப் 'பள்ளிச்சந்தம்' என்றே வகைப்படுத்தின. நிலம் எங்குள்ளது, யாருக்குரியது, எதன்பொருட்டு அளிக்கப்பட்டது என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை சொல்வதே கொடையாவணத்தின் பணி. முன்னோரைத் தேடுவோர்க்கு வேண்டுவனவும் இவையே.

ஒரு குடும்பம் இத்தேடலைக் கையிலுள்ள ஆவணத்திலிருந்து தொடங்கிப் பின்னோக்கிச் செல்லவேண்டும். இன்றைய பட்டாவிலுள்ள புல எண், 1980-களில் நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்திற்குப் பின் அமைந்ததாக இருக்கலாம். அதன் பழைய எண்ணை 'அ' பதிவேட்டில் காணலாம். பழைய எண்ணைக் கொண்டு செட்டில்மெண்ட் பதிவேட்டை அணுகினால் பாட்டனார், பூட்டனார் பெயர்கள் தென்படக்கூடும். ஆனால் பட்டா, விளைநிலத்திற்கு வரி செலுத்தியவரைக் காட்டுமேயன்றி அவர் குடியிருந்த மனையைக் காட்டாது. ஊர் நத்தம் பெரும்பாலும் ஒரே புல எண்ணில் அடங்கியிருந்தது. மனையை அறியப் பழைய கிரயப் பத்திரங்களின் செக்குபந்தியைப் படிக்கவேண்டும். 'இன்னார் வீட்டுக்குக் கிழக்கு, கோயில் வீதிக்கு வடக்கு' என்பது போன்ற ஒரு வரி, மறைந்துபோன ஒரு தெருவையே மீட்டுத் தரும்.

கோயில் நிலங்களுக்கு இனாம் பதிவேடு இன்றியமையாதது. 1858-இல் அமைந்த இனாம் ஆணையம், மானியம் யார் கொடுத்தது, எதற்காக, அனுபவிப்பவர் யார் என்பவற்றை ஊர்தோறும் வினவிப் பதிந்தது. அதற்கும் முற்பட்ட காலத்திற்குப் பாரமகால் ஆவணங்கள் துணைசெய்யும். 1792-ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாரமகால் கம்பெனியாரிடம் வந்தபோது, கேப்டன் ரீடும் அவர்தம் உதவியாளர் மன்றோ முதலியோரும் நிலங்களை அளந்து தீர்வை வகுத்தனர். ஓசூர்ப் பகுதியோ 1799-இல், திப்பு சுல்தானின் வீழ்ச்சிக்குப் பின்னரே, கம்பெனியார் வசமாயிற்று. ஆகவே கிருஷ்ணகிரிக்குக் கிடைக்கும் கணக்கு அதே ஆண்டில் ஓசூருக்கும் கிடைக்கும் என எதிர்பார்த்தல் ஆகாது. இத்தகைய பழம்பதிவுகளைத் தேடுவோர் சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தை அணுகலாம்.

மாநில எல்லை முன்னோர்க்கு எல்லையாக இருந்ததில்லை. மாலூர், ஆனேக்கல் பகுதிகளில் பெண் கொண்டும் கொடுத்தும் வாழ்ந்த குடும்பங்கள், லூயி ரைஸ் பதிப்பித்த கர்நாடகக் கல்வெட்டுத் தொகுதிகளில் பெங்களூர், கோலார் மாவட்டங்களுக்குரிய ஒன்பதாம், பத்தாம் தொகுதிகளையும் பார்த்தல் வேண்டும். அவற்றில் தமிழ்க் கல்வெட்டுகளும் மிகுதியாக உள்ளன.

காலம் தாழ்த்துவதற்கில்லை. 1970-களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை தோன்றியது முதல் விளைநிலங்கள் ஆலைகளாகவும் மனைப்பிரிவுகளாகவும் மாறி வருகின்றன. ஒரு புலம் பல உட்பிரிவுகளாகும்போது பழைய எண் மறைகிறது. அதனோடு 'கோயில் மேடு', 'செட்டியார் தோட்டம்' போன்ற வழக்குப் பெயர்களும் மறைகின்றன. அப்பெயர்களை அறிந்த முதியோரும் அருகி வருகின்றனர். ஒவ்வொரு குடும்பமும் தன்னிடமுள்ள பழைய பத்திரங்களைப் படியெடுத்து, ஊர்ப்பெயர், பழைய புல எண், செக்குபந்தி ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதி அறக்கட்டளையில் சேர்த்தால், தனித்தனிச் செய்திகள் ஒரு சமுதாயத்தின் வரலாறாகும்.

இழந்த நிலத்தை மீட்பதற்கான முயற்சி அன்று இது. மிகுபொருள் விரும்பாமையை விரதமாகக் கொண்டோர்க்கு அது நோக்கமும் ஆகாது. மூலப்பள்ளியைத் தமக்கென வைத்துக்கொண்டிருந்தால் நிதியண்ணன் பெயர் அவர்தம் தலைமுறையோடு மறைந்திருக்கக்கூடும். அறத்திற்குக் கொடுத்தமையால் அது கல்லில் ஏறிப் பதினொரு நூற்றாண்டுகளைக் கடந்து நிற்கிறது. பழைய கணக்குகளில் தேடிக் காணவேண்டியவை இத்தகைய பெயர்களே.